மூன்றாவது தகடு

அல்சூர்
16-7-2000

பிரிஜெட்டுக்கு,

ஜகதாம்பாள் எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

என் மகள் மகா டிப்ளமா முடித்துவிட்டாள். ஜிகணியில் ஒரு பெயிண்ட் ஷாப்பில் டிரெய்னியாகச் சேர்ந்து பதினைந்து நாள் ஆகிறது. சந்தாபுராவில் நம் கம்பெனியில் நடந்த அதே வேலைதான். இரும்புச் சாமானைக் கழுவி, ஹேங்கரில் மாட்டி, பெயிண்ட் டேங்க்கில் முக்கி, கரண்ட் விட்டு, ஓவனில் சுடுவது. வேண்டாமடி என்றேன். கேட்கவில்லை.

முதல் வாரம் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். பெயிண்ட்டில் ஏன் குழி விழுகிறது, விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்களாம். பெயிண்ட் சப்ளை செய்கிறவர்கள் எல்லாக் கம்பெனிக்கும் கொடுக்கிற தாளாம் அது. மேலே குழி குழியாக ஒரு ஸ்கூட்டர் பாகத்தின் படம். தலைப்பு, 'ஜகதாம்பாள் கேஸ்'. கீழே, 'தொழிலாளி தலையில் எண்ணெய் வைத்து வந்ததால் ஏழு நாள் உற்பத்தி வீண், சந்தாபுரா, பிப்ரவரி 1998.'

மகா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றாள். "அம்மா, இது நீயா? தலைக்கு எண்ண வச்சிட்டுப் போயி டேங்க்கையே கெடுத்துட்டியா?" என்றாள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம். சிரிக்காமல் இருந்தால் யார் மகள் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

எனக்கு வேலை திரும்ப வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறேன், அது போதும். அந்தத் தாளில் இருந்து என் பெயரை எடுக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் நீ, அதனால் உனக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என் தலையில் எண்ணெய் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நலமா?

ஜகதாம்பாள்

---

லிங்கராஜபுரம்
25-7-2000

அன்புள்ள ஜகதா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டரை வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம் என்று எழுதினால் நீங்கள் கோபப்படுவீர்கள். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது, படித்து முடிக்கும் வரைக்கும்.

மகாவுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பஸ்ஸில் நம் இருவருக்கும் நடுவில் இடுக்கி உட்கார்ந்து, கம்பெனி ஆண்டு விழாவுக்கு வந்த பெண்ணா அவள்! நம்ப முடியவில்லை.

அக்கா, ஒரு விஷயம். என் ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் கிடையாது. தலை எண்ணெய் ஒரு துளி பெயிண்ட்டில் கலந்தாலும் குழி விழும் என்று மட்டும்தான் எழுதினேன். அது பொய் இல்லை. ஊசி முனை அளவு எண்ணெய் இருந்தால் போதும், பெயிண்ட் அந்த இடத்தை விட்டு ஒதுங்கும். ஓவனில் சூடானதும் நன்றாக விலகிக் குழியாகிவிடும். நான் டெஸ்ட் தகட்டில் போட்டுப் பார்த்தேன், விழுந்தது. நீங்கள் போன மறுநாளே லைனில் குழி நின்றதும் உண்மை. அதை வைத்து மேனேஜர் சந்திரசேகரன் சார்தான் 'கேஸ்' என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். பெயிண்ட் கம்பெனிக்காரர் அதைப் பார்த்து நகல் கேட்டு வாங்கிப் போனார்.

அந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. அப்பா படுக்கையில் இருந்த நேரம். அப்பா போன வருடம் ஜனவரியில் இறந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லி அனுப்ப நினைத்தேன், எந்த முகத்தோடு சொல்லி அனுப்புவது என்று விட்டுவிட்டேன்.

சாரிடம் தக்க சமயம் பார்த்துப் பேசுகிறேன். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

உங்கள்
பிரிஜெட்

---

அல்சூர்
30-7-2000

பிரிஜெட்டுக்கு,

ஓஸ்வால்ட் ஐயா போய்விட்டார் என்று இப்போதுதான் தெரிகிறது. என்னை எப்போதும் 'மேடம்' என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நீ சொல்லியிருக்கலாம். வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போயிருப்பேன்.

உனக்கு நினைவில்லை என்கிறாய். சரி, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கேள்.

1998 பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை என் மாமியார் இறந்தார். பத்தாம் தேதி நீ வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தாய். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை தலையில் எண்ணெய் வைக்க மாட்டோம். காரியத்தன்று பிறந்த வீட்டார் எண்ணெய் வைத்த பிறகுதான் தலை முழுகுவோம். பதினாறாம் நாள் இருபத்தொன்றாம் தேதி. குழி விழ ஆரம்பித்தது பதிமூன்று. என்னை விசாரித்தது பத்தொன்பது. நடுவில் என் தலை பரட்டையாகக் காய்ந்து கிடந்தது. தொப்பிக்குள் இருந்ததால் மேனேஜருக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த உனக்குமா தெரியாது? "என்னக்கா, தலை இப்படிக் காஞ்சு போயிருக்கு" என்று கேட்டவளே நீதான்.

பன்னிரண்டாம் தேதி பஸ்ஸில் நீ எனக்கு ஒன்று கொடுத்தாய். அதுவும் நினைவில்லையா? பெயிண்ட்டுக்கு முன்னால் கழுவுகிற பாஸ்பேட் தண்ணீரில் இருந்து வருகிற ஈரச் சாமானை மாற்றி மாட்டி மாட்டி என் கை வெடித்து ரத்தம் கசிந்தது. கம்பெனி கொடுத்த நூல் கிளவுஸ் விரல் நுனியில் கிழிந்திருந்தது. நீ கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு டப்பா கிரீம் கொடுத்தாய். "தெனம் ரெண்டு வேளை போடுங்கக்கா, தண்ணி உள்ள எறங்காது" என்றாய். தடவிய அன்றே எரிச்சல் நின்றது. மறுநாள் குழி விழுந்தது.

நான் எட்டாவது படித்தவள்தான். ஆனாலும் ஏழு வருடம் அந்த லைனில் நின்றவள். தண்ணீர் இறங்காத வழுவழுப்பு எதுவும் பெயிண்ட்டுக்கு ஆகாது என்று எனக்கு மூன்று நாளில் புரிந்துவிட்டது. தடவுவதை நிறுத்தினேன். அதற்குள் டேங்க்கில் கலந்துவிட்டது போல.

விசாரணையில் சந்திரசேகரன் சார், "தலைக்கு எண்ணெ வக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, ஹேளி, சொல்லும்மா, வேற என்ன காரணம் இருக்க முடியும்?" என்றார். சூப்பர்வைசர் கிரண் என் காதில், "சும்னே, பேசாம ஒத்துக்கோ அக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நான் எண்ணெய் வைக்கவில்லை என்று சொல்லியிருந்தால், அப்படியென்றால் வேறு என்ன வைத்தாய் என்று கேட்பார்கள். கிரீம் யார் கொடுத்தது என்பார்கள். லேபில் வேலை பார்க்கிறவளே கொடுத்தாள் என்றால் உன்னை அந்த நிமிஷமே அனுப்பியிருப்பார்கள். உன் அப்பா படுக்கையில். உன் சம்பளத்தில்தான் மருந்து. ஆமாம் சார், தெரியாமல் வைத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் கூட நம்பினார். "அம்மா செத்து பதினாறு நாள் தாங்கலயா ஒனக்கு, திருட்டுத்தனமா எண்ண வச்சியா?" என்று கேட்டார். அவருக்கு நான் இன்று வரை விளக்கம் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் நான் கேட்பது என் பெயரை எடு என்பது மட்டும்தான். தக்க சமயமாம், தக்க சமயம்.

ஜகதாம்பாள்

---

லிங்கராஜபுரம்
15-8-2000

அன்புள்ள அக்காவுக்கு,

கன்னட நடிகரைக் காட்டுக்குக் கடத்திப் போனதில் இருந்து ஊரில் நடக்கிற கலாட்டாவில் தபால் எல்லாம் தேங்கிவிட்டது. உங்கள் கடிதம் பதினோராம் தேதிதான் வந்தது. கம்பெனி பஸ்ஸும் பத்து நாளாக ஓடவில்லை. அல்சூரில் தமிழ் போர்டு இருந்த கடைகளை மூட வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்களும் மகாவும் பத்திரம்தானே?

இன்று லீவு. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவில்லை என்று எழுதியது பொய். பதினாறு நாள் வழக்கம் எனக்குத் தெரியாது, எங்களில் அது இல்லை. ஆனால் உங்கள் தலை காய்ந்திருந்தது தெரியும்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் லேபில் டெஸ்ட் செய்தேன். டேங்க்கில் இருந்து பெயிண்ட் எடுத்து மூன்று பாத்திரத்தில் ஊற்றினேன். ஒன்றில் தலை எண்ணெய். இன்னொன்றில் கன்வேயர் சங்கிலிக்குப் போடுகிற எண்ணெய். மூன்றாவதில் உங்களுக்குக் கொடுத்த அதே கிரீம். என்னிடமும் ஒரு டப்பா இருந்தது. மூன்றிலும் ஒவ்வொரு தகட்டை முக்கி, கரண்ட் விட்டு, சுட்டு எடுத்தேன். தலை எண்ணெய்த் தகட்டில் குழி ஆழமில்லாமல் பரவலாக இருந்தது. சங்கிலி எண்ணெயில் அங்கங்கே இரண்டு மூன்று. மூன்றாவது தகட்டில் வட்டம் வட்டமாக, நடுவில் இரும்பு தெரிகிற வரைக்கும் ஆழமாக விழுந்தது. லைனில் ரிஜெக்ட் ஆன சாமானில் இருந்தது அச்சு அசலாக அதே குழிதான். அந்த கிரீமில் சிலிக்கான் உண்டு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பெயிண்ட் ஷாப்பில் அது விஷம் மாதிரி. லேபில் இருக்கிற நான் அதைப் படித்துப் பார்க்காமல் உங்களுக்குக் கொடுத்தேன். உங்கள் கையைப் பார்த்த வேகத்தில் எதையும் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு தகட்டை ரிப்போர்ட்டோடு வைத்தேன். மூன்றாவதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள். அப்பாவை நினைத்துத்தான் செய்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. அதனால் அப்பாவைக் காரணம் சொல்ல எனக்கு இனி வாய் இல்லை.

நீங்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டபோது, அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை, அதனால்தான் ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். எனக்காகப் போட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் என்னால் சாப்பிட முடியவில்லை.

தகட்டை இத்துடன் துணியில் சுற்றி அனுப்புகிறேன். பஸ் ஓட ஆரம்பித்த அன்றே சாரிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வரட்டுமா? இங்கிருந்து ஒரே பஸ்தான்.

பிரிஜெட்

---

அல்சூர்
20-8-2000

பிரிஜெட்டுக்கு,

பார்சல் வந்தது. வர வேண்டாம்.

போன கடிதத்தில் நான் ஒன்றைச் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதி மத்தியானம், கிரீம் டப்பாவை உன்னிடமே கொடுத்து, இதுதான் காரணம் போல இருக்கு, பாரு என்று சொல்ல லேபுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ மூன்று தகட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என் டப்பா மாதிரியே ஒரு டப்பா மேஜையில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு தகட்டை எடுத்து முந்தானையில் துடைத்துக் கைப்பையில் போட்டாய்.

ஏதோ காரணமாகத்தான் இருக்கும், வெளியே வந்ததும் என்னிடம் சொல்வாள் என்று பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். டீ மணி அடித்தது. நீ வேறு கதவு வழியாகப் போய்விட்டாய். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

மறுநாள் விசாரணையில் நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். நீ ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சார், கிரீமை இவளே கடையில் வாங்கினாள் என்று பொய் சொல்லியிருந்தால்கூட, ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். என் மாமியார் சாவுக்குத் துரோகம் செய்தவள் என்ற பேராவது எனக்கு வராமல் போயிருக்கும்.

உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேன் இல்லையா, அது முழுசும் உண்மை இல்லை. வெறுத்துப் போய்ப் போட்டேன். இத்தனை நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளே பேசாமல் இருக்கும்போது நான் யாரிடம் போய் என்ன பேசுவது என்று போட்டேன்.

ஜகதாம்பாள்

---

லிங்கராஜபுரம்
24-9-2000

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கதவுக்கு வெளியே நின்றதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. டீ மணி அடித்ததும் வேறு கதவு வழியாகப் போனது எதேச்சையாக இல்லை. உங்கள் எதிரில் வரப் பயந்துதான் போனேன்.

ஆகஸ்ட் கடைசியில் சந்திரசேகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "முடிஞ்சுபோன கேஸும்மா, ஏன் கெளர்ற? ஆடிட் வர்ற நேரம்" என்றார். நான் அவர் எதிரிலேயே மறுபடி டெஸ்ட் செய்து காட்டினேன். குழியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். என்னை லேபில் இருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. உங்களை ஒரே நாளில் அனுப்பினார்கள், என்னை அனுப்பவில்லை. இதை எப்படி உங்களுக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

போர்டில் இருந்த தாளை நானே கிழித்தேன். புதுத் தாள் நானே எழுதினேன், சார் ஒத்துக்கொண்டார். கிரீம், லோஷன், சிலிக்கான் ஸ்பிரே எதுவும் லைனுக்குள் வரக் கூடாது. கிழிந்த கிளவுஸை அன்றன்றே மாற்றிக் கொடுக்க வேண்டும். கை வெடித்தவர்களைக் கழுவிய சாமானைத் தொட விடக் கூடாது, வேறு வேலை தர வேண்டும். கிளவுஸ் விஷயத்தைப் போட சார் யோசித்தார். நான் விடவில்லை. அன்றைக்கு உங்களுக்கு ஒரு நல்ல கிளவுஸ் கொடுத்திருந்தால் கிரீமே தேவைப்பட்டிருக்காது.

தலைப்பில் 'பிரிஜெட் கேஸ்' என்று போட்டிருக்கிறேன். 'லேப் ஊழியர் கொடுத்த கிரீமால் விளைந்தது; தொழிலாளி மேல் தவறில்லை' என்றும் எழுதியிருக்கிறேன். பெயிண்ட் கம்பெனிக்கு அனுப்பி, பழைய தாளை எல்லா இடத்திலும் மாற்றச் சொன்னேன். மாற்றுவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே எத்தனை கம்பெனிக்குப் போனது என்று அவர்களிடமே கணக்கில்லை. ஓசூர் வரைக்கும் போயிருக்கிறதாம்.

கம்பெனி பஸ்ஸில் உங்கள் சீட்டில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். நான் இடம் மாறிப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

வரட்டுமா என்று மறுபடியும் கேட்கிறேன். ஐந்து நிமிஷம் போதும்.

பிரிஜெட்

---

அல்சூர்
8-10-2000

பிரிஜெட்டுக்கு,

ஆயுத பூஜைக்கு முன்னாலேயே மகா புதுத் தாளைக் கொண்டு வந்துவிட்டாள். அவள் கம்பெனியில் பழையதை எடுத்துவிட்டு இதை ஒட்டியிருக்கிறார்கள். அவளே அவள் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அவர் கடைசி வரி வரைக்கும் கேட்டார். வாசலில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "அன்னைக்கே சொல்லிருக்கலாமே நீ" என்றார். அம்மாவுக்குத் துரோகம் செய்தாய் என்றவர் வாயில் இருந்து அவ்வளவுதான் வந்தது. எனக்கு அது போதவில்லை, ஆனால் அதுவே பெரிசு.

பெயரை எடு என்றுதான் நான் கேட்டேன். உன் பெயரைப் போடு என்று கேட்கவில்லை. புதுப் பிள்ளைகள் 'பிரிஜெட் கேஸ்' என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். என் பெயருக்கு எப்படிச் சிரித்தார்களோ அப்படியே. சிரிக்கட்டும், நன்றாக வேணும் என்று ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தேன். முடியவில்லை. ஓஸ்வால்ட் ஐயா ஆசையாக வைத்த பேர். பேரே இல்லாமல் ஒரு தாள் எழுத உங்களுக்கெல்லாம் வராதா? அடுத்த தடவை அச்சடிக்கும்போது அதை எடுக்கச் சொல்.

உனக்கு இன்னும் ஒன்று தெரியாது. பத்தொன்பதாம் தேதி என்னை அனுப்பினார்கள். இருபத்தொன்று பதினாறாம் நாள் காரியம். என் அண்ணி எண்ணெயும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு வந்து உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. எண்ணெய் வாசம் வந்ததும் வெளியே போய்விட்டேன். அன்றில் இருந்து இந்த இரண்டரை வருடமாக என் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை. தீபாவளிக்குக்கூட வெறும் தண்ணீர்தான். எண்ணெய் வைத்தாள் என்று வேலையை விட்டு அனுப்பப்பட்டவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அப்படிப்பட்ட என் தலைதான் இப்படிக் காய்ந்து கிடந்தது. முடி பாதி கொட்டிவிட்டது.

நேற்று மகா கிண்ணத்தில் எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு வந்து, "ஒக்காரும்மா" என்றாள். உட்கார்ந்தேன். அவள் தடவ ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. யாரை நினைத்து அழுதேன் என்று தெரியவில்லை. மாமியாரையா, உன்னையா, அந்தப் பத்து நிமிஷத்தையா. எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்று மகாவிடம் சொன்னேன்.

தகட்டை பீரோவில் வைத்திருக்கிறேன். கிரீம் டப்பாவும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, பாதிக்கு மேல் அப்படியே. மண்டபத்தில் சோப்புத் தண்ணீரில் கை மறுபடி வெடித்திருக்கிறது. ஆனாலும் அதைத் தடவ மனசு வரவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு ஒருத்தர் எனக்கென்று வாங்கிக் கொடுத்தது இந்த ஆயுசில் அது ஒன்றுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முகூர்த்தம் இல்லையென்றால் வீட்டில்தான் இருப்பேன். ஆனால் வரட்டுமா, வரட்டுமா என்று இனிமேல் எழுதிக் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் எழுதுவேன்.

ஜகதா அக்கா